காருக்கும் ஒரு ஷூ உண்டு



ஆம்பூர் பக்கம் ஷூ என்றால் காலில் போடுவதுதான் நினைவுக்கு வரும். காருக்குள்ளும் ஷூ இருக்கிறது. போன வாரம் என் பழைய ஆல்டோவின் பின்சக்கரங்களுக்குப் புது பிரேக் ஷூ மாற்றினோம். அதையொட்டிச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

இந்த இரண்டு ஷூவுக்கும் பழைய உறவு உண்டு. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் வண்டிக்காரர்கள், இறக்கத்தில் வண்டி நிற்பதற்காக பிரேக் கட்டையில் பழைய பூட்ஸை வைத்து அடித்திருப்பார்களாம். அதைப் பார்த்த ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் 1897-ல் பிரேக் லைனிங் தொழிலைத் தொடங்கினார் என்பார்கள். ஃபெரோடோ கம்பெனி அவர் ஆரம்பித்ததுதான்.

உராய்வு விசை பாடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சக்கரத்தோடு சுற்றுவது டிரம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூ. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் அழுத்தம் வீல் சிலிண்டருக்குப் போய், ஷூக்களை விரித்து டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். டிரம் சுற்றும் வேகமே ஒரு ஷூவை மேலும் உள்ளே இழுத்து இறுக்கும். நாம் கொடுத்த விசையைவிட அதிகமாகப் பிடிப்பது அதனால்தான்.

வண்டியின் வேகம் அங்கே வெப்பமாக மாறுகிறது. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி விரியும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். அதனால் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்கிறேன்.

லைனிங் தேய்வதற்காகவே செய்த பொருள். டிரம் மூடியிருப்பதால் தேய்மானம் வெளியே தெரியாது. ஹேண்ட் பிரேக் வழக்கத்தைவிட மேலே வந்தாலோ, பெடல் ஆழமாகப் போனாலோ, உரசும் சத்தம் கேட்டாலோ உடனே டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் வருவதற்கு முன்பே பார்ப்பது இன்னும் நல்லது. எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே மாற்ற வேண்டும் என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். வீல் சிலிண்டரில் ஆயில் கசிந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் புது லைனிங்கும் ஆயிலில் ஊறி வீணாகும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வேலை பார்த்தவர் என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவர், இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் சொந்தக் கடை. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கருப்புத் தூசி. வாயால் ஊதக் குனிந்தார். "ஊதாதேப்பா" என்றேன்.

"இருபது வருஷமா இப்படித்தான் சார் செய்றேன்" என்று சிரித்தார். பக்கத்திலேயே வேலை பழகும் பையன், மீசைகூட முளைக்காதவன், குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலப்பது வழக்கம். இப்போது அது இல்லாத லைனிங்குகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் கழற்றிய தூசி எந்த வகை என்று கண்ணால் சொல்ல முடியாது. அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. நோய் தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம். இதைச் சொன்னதும் அவர் பையனைத்தான் திரும்பிப் பார்த்தார். பிறகு சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார். ஐந்து நிமிட வேலைதான்.

பிழைப்பு தரும் தொழிலே உடம்பையும் தண்ணீரையும் கெடுக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலாற்றில் கலந்த தோல் கழிவுக்காக வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் பெரிய தீர்ப்பு சொன்னது. மெக்கானிக் கடைத் தூசிக்கு வழக்குப் போட யாரும் இல்லை. கார்க்காரர்களாகிய நாம்தான் சொல்ல வேண்டும்.

மெக்கானிக்காக இருக்கும் என் மாணவர்களே, ஊதாதீர்கள், ஏர் பிடிக்காதீர்கள். கார் விடுகிறவர்களே, அந்த ஐந்து நிமிடத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சார்