வழுவும் வழுக்குறியும்

நோயாளி தன் நோயைத் தானே எடுத்துரைப்பானாயின் வைத்தியனுக்கு வேலை எளிது என எண்ணுவோர் உளர். அனுபவமுடைய வைத்தியர் அதனை ஒப்பார். நெஞ்சு நோகின்றது என்பான் ஒருவன். நோவு நெஞ்சில், நோயோ இரைப்பையில். அவன் உரைத்தது பொய்யன்று. உரைத்ததனை உள்ளவாறு உணர்தலே அரிது. மண் அகழும் பெரும் பொறிகளும் இக்காலத்திலே தம் நோயைத் தாமே உரைக்கக் கற்றுவிட்டன. அவ்வுரையை உணரும் திறம் பற்றித் தமிழ் கற்பிக்கும் யாம் எழுதப் புகுந்தமை கண்டு அன்பர் சிலர் நகைத்தல் கூடும். முடிவுவரை படித்த பின்னர் நகைப்பார்களாக.

எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இன்று வன்னிப் பகுதியிலே பெக்கோ, புல்டோசர் முதலியவற்றைத் திருத்தும் மெக்கானிக்காக விளங்குகின்றார். சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தியவர். விடுமுறைக் காலங்களில் எம்மைக் காண வருவார். வந்தாற் பேச்சு முழுவதும் தொழிலைப் பற்றியதே. ஈண்டு யாம் எழுதுவன பெரும்பாலும் அவர்வாய்க் கேட்டறிந்தனவே.

எஞ்சினின் பல இடங்களிலே உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன. ஒன்று ஒயில் அமுக்கத்தை அளக்கும். ஒன்று குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும். வேறொன்று உட்புகும் காற்றின் அமுக்கத்தை அளக்கும். இவற்றுட் பல 5 வோல்ற் மின் பெற்று, தாம் உணர்ந்ததற்கேற்ற வோல்ற்றளவை எஞ்சின் கொம்பியூற்றருக்கு அனுப்பும். அளவு வரம்பு கடந்தால் ஓட்டுநர் முன்னுள்ள திரையிலே எண்கள் தோன்றும். கம்பனிகள் சில தத்தமக்கெனக் குறியெண்கள் வைத்திருப்பினும், அமெரிக்க மோட்டர்ப் பொறியியலாளர் சங்கம் வகுத்த ஜே 1939 என்னும் முறையே பல பொறிகளிற் பயில்கின்றது.

அம்முறையில் ஒரு வழுக்குறிக்கு இரு கூறுகள் உண்டு. முதலெண் எதனைப் பற்றிய பேச்சு என்பதைச் சொல்லும்: 100 எனில் ஒயில் அமுக்கம், 102 எனில் உட்புகு காற்றின் அமுக்கம், 110 எனில் குளிர்நீர் வெப்பம். இரண்டாம் எண் 0 முதல் 31 வரையில் அமைந்து, வழுவின் வகையைச் சொல்லும். 0 எனில் அளவு மெய்யாகவே மிகுந்து அபாயநிலை எய்திற்று என்பது பொருள். 1 எனில் மெய்யாகவே குறைந்து அபாயநிலை எய்திற்று என்பது. 3 எனில் உணரியின் வோல்ற்று வரம்பின் மேலது. 4 எனில் வரம்பின் கீழது. ஆகவே 110, 0 என்று திரை காட்டின் எஞ்சின் கொதிக்கின்றது. வேலையை நிறுத்துதல் வேண்டும். 110, 3 என்று காட்டின் நீர் கொதித்தது என்பதற்கில்லை. வயர் அறுந்திருத்தல் கூடும். முதலெண் ஒன்றே, செய்கடனோ வேறு.

இதனைக் கேட்டபோது எமக்கு இலக்கணமே நினைவில் வந்தது. வாக்கியம் பிழை என்பதனோடு எம் இலக்கண நூலார் அமைந்தாரல்லர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழு வகுத்தனர். எவ்வகை வழு என்று அறியாதவன் திருத்தப் புகின், நன்றாயிருந்த சொல்லையும் கெடுத்துவிடுவான்.

அவ்வாறு கெடவிருந்த பொறியொன்றின் கதையை அம்மாணவர் கூறினார். குளமொன்றின் அணையை மாரிக்கு முன் பலப்படுத்தும் வேலை. பெக்கோவின் திரையில் 100, 4 என்ற குறி எழுந்தது. ஒயில் என்ற சொல்லைக் கேட்டதுமே உடையவர் புது உணரி வாங்கிப் பூட்டுவித்தார், குறி மறையவில்லை. குறியைப் பொருட்படுத்தாது ஓட்டுக என்றார் ஒருவர். எஞ்சினையே கழற்றுக என்றார் மற்றொருவர். முன்னையது எஞ்சினை அழிக்கவும், பின்னையது மாரிவரை வேலையை முடக்கவும் வல்லது. வயலை நம்பியிருந்த கமக்காரரோ அணையை நோக்கியிருந்தனர்.

எம் மாணவர் முதலில் ஒயில் மட்டம் பார்த்தார். பின்னர் உணரியை நம்பாது, முள்ளுடைய அமுக்கமானியை எஞ்சினிலே பூட்டிச் சிறிது நேரம் ஓடவிட்டார். அமுக்கம் செவ்வனே இருந்தது. "சேர், நூறு என்பதை எல்லாரும் வாசித்தார்கள், நாலு என்பதை ஒருவரும் வாசிக்கவில்லை" என்றார் எம்மிடம். திரையை மீண்டும் ஆராய்ந்தபோது 102, 4 என்ற குறியும் உடனிருந்தது. இரண்டு உணரிகள் ஒருங்கே கெடுதல் அரிது. இரண்டுக்கும் பொதுவானது எது என்று வினவினார். 5 வோல்ற் தரும் வயர் பொதுவானது. அளந்து பார்த்தார், அதில் மின் இல்லை. அவ்வயரிலிருந்து மின் பெறும் உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அப்பொழுதும் மின் மீளவில்லை. எனவே குற்றம் உணரியில் அன்று, வயரில் என்று தெளிந்து, வயர்க்கட்டைக் கையால் தடவிக்கொண்டே சென்றார். ஓர் இரும்புப் பிடியின் கீழ் அதிர்ச்சியால் உறை தேய்ந்து, செப்புக்கம்பி எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனைச் செப்பனிட்டு, மீண்டும் உராயாவண்ணம் விலக்கிக் கட்டினார். குறிகள் இரண்டும் மறைந்தன. திரை காட்டிய அமுக்கமும் அமுக்கமானியின் அளவும் ஒத்திருத்தலைக் கண்ட பின்னரே பொறியை ஓட்டுநரிடம் ஒப்புவித்தார். அணை மாரிக்கு முன் முடிந்தது.

வழுக்குறி தீர்ப்பன்று, சாட்சியின் வாக்குமூலம். சாட்சி கண்டதனைச் சொல்லும். காரணத்தை ஆராய்வது கேட்பவன் கடன். சொல்லை முழுதாக வாசித்தல், வாசித்ததனை அளந்து பார்த்தல், பலவற்றுக்கும் பொதுவானதை நாடுதல் என்னும் இம்மூன்றையும் எந்தக் கல்லூரியும் கற்பிக்கவே முயல்கின்றது. பரீட்சைப் பட்டியலிற் பெயர் காணாத ஒருவர் இவற்றைக் கைவரப்பெற்றிருத்தலை யாம் பெருமையுடன் ஈண்டுப் பதிகின்றோம்.

ஆயினும் எம் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. அவர் கையிலுள்ள திருத்துநூல் ஆங்கிலத்தில் அமைந்தது. எழுத்துக்கூட்டி வாசித்து, படங்களைப் பார்த்து, பிழைபட்டுப் பிழைபட்டே கற்றார். அவரிடம் பயில வரும் இளைஞரும் அவ்வாறே இடர்ப்படுகின்றனர். சென்ற விடுமுறையில் அவரும் யாமும் ஒரு கொப்பியிலே முக்கியமான எண்களையும் அவற்றின் பொருளையும் எளிய தமிழில் எழுதத் தொடங்கினோம். சென்சர், வயர் முதலாகத் தொழிலாளர் நாவிற் பழகிய சொற்களை மாற்றவில்லை, விளக்கத்தையே தமிழாக்கினோம்.

பொறியியலாளராய் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் விளங்கும் எம் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உயர்தரத்திலே தொழினுட்பத் துறை 2013 இல் தொடங்கப்பெற்றது. அம்மாணவர்க்கும், அதற்கு முன்னரே படிப்பை விட்டுப் பட்டறை புகுந்தோர்க்கும், நீவிர் அறிந்ததனை ஆண்டுக்குப் பத்துப் பக்கமேனும் தமிழில் எழுதித் தருவீராக. மொழிப் பிழை திருத்தும் பணியை யாம் ஏற்கின்றோம். பொருட் பிழை திருத்தப் பெக்கோ திருத்தும் எம் மாணவர் இருக்கின்றார்.