சிங்கிள் ஓனர், ஒரிஜினல் என்ஜின்

பழைய கார் விற்பனைக்குன்னு வர்ற விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. "விண்டேஜ் கார், சிங்கிள் ஓனர், ஒரிஜினல் என்ஜின், சீரியஸ் பையர்ஸ் மட்டும்." போன செமஸ்டர் லீவுல அதே வரியை நானும் டைப் பண்ணேன். அதுல ரெண்டு பொய் இருக்குன்னு அப்போ எனக்குத் தெரியாது.

எங்க வீடு திருவண்ணாமலைல, செங்கம் ரோடு பக்கம். வீட்டு முன்னாடி தகரக் கொட்டாய்ல, தார்ப்பாய்க்கு அடியில ஒரு கார் நிக்குது. பௌர்ணமிக்கு கிரிவலம் வர்ற ஜனங்க அது மேல சாய்ஞ்சு உட்கார்ந்து கால் வலிக்குத் தைலம் தேய்ச்சுக்கும். சின்ன வயசுல எனக்கு அது கார்னே தோணினதில்ல, திண்ணை மாதிரி ஒண்ணு. தாத்தா போன பிறகு அப்பா சொன்னார்: "நீதான மெக்கானிக்கல் படிக்கிற? நெட்டுல போட்டு வித்துடு. பாப்பாவை நர்சிங் சேர்க்கணும்."

வண்டி பேரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் 3, 1970ல பதிவானது. கிளாஸ்ல கேட்டுப் பார்த்தேன், அறுபது பேர்ல ஒருத்தனுக்கும் இந்தப் பேர் தெரியல. அம்பாசிடர் எல்லாருக்கும் தெரியும். பியட், அதாவது பிரீமியர் பத்மினியும் தெரியும். லைசென்ஸ் ராஜ்ஜியம் நடந்த அந்தக் காலத்துல நாட்டுல கார் செஞ்ச கம்பெனிங்க முக்கியமா மூணு. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான், பம்பாய்ல பிரீமியர், நம்ம மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு. இந்த மூணாவது தொழிற்சாலை ஜிஎஸ்டி ரோட்டுல, வண்டலூர் பெருங்களத்தூர் பக்கம் இருந்தது. நம்ம சீனியர்ஸ் பேட்ஜ் மாட்டிட்டு வேலைக்குப் போற பெருங்களத்தூர் ஐடி பார்க் இருக்கே, அது அந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் மண்ணுலதான் நிக்குது.

ஹெரால்டு பிறப்பால இங்கிலாந்து வண்டி, அங்க பேரு ட்ரையம்ப் ஹெரால்டு. 1959ல வந்தது. வரைஞ்சவர் ஜொவான்னி மிக்கெலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரர். மெட்ராஸ்ல 1961ல இருந்து செஞ்சாங்க. என்ஜின் 948 சிசி, நாலு சிலிண்டர். இன்னைக்கு சில பைக்குக்கே அதைவிடப் பெரிய என்ஜின் இருக்கு! இங்கிலாந்துல கடைசி வரைக்கும் இந்தக் காருக்கு ரெண்டு கதவுதான். நாலு கதவு வெச்ச மார்க் 3 நம்ம ஊருக்குன்னே பண்ணது.

மெக்கானிக்கல் பசங்க இதைக் கொஞ்சம் கவனிங்க. பானெட்டை மட்டும் தனியாத் தூக்க முடியாது. மட்கார்டு, ஹெட்லைட்டோட சேர்த்து மூக்கு மொத்தமும் முன்பக்கமாக் கவிழும். டயர் மேலயே உட்கார்ந்துகிட்டு என்ஜின் வேலை பார்க்கலாம். மோனோகாக் வந்துட்ட காலத்துலயும் இதுக்குத் தனி சேஸிஸ், அது மேல பாடியைத் துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க. முன் சக்கரம் ரொம்ப ஒடியும், சுமார் 25 அடிக்குள்ள திரும்பிடும். மாட வீதியில தேருக்குப் பந்தக்கால் நட்டிருக்கும்போதும் தாத்தா ரிவர்ஸ் போடாம ஒரே ஒடியில திருப்புவாராம். ஊர்ல அதுக்காகவே பேர் வாங்கினவர். ஆனா பின்னாடி ஸ்விங் ஆக்சில். வேகமா வளைவுல போனா பின்சக்கரம் உள்ள மடங்கப் பார்க்கும், அதனால வேகம் போகவே மாட்டார். ஸ்விங் ஆக்சிலை டைனமிக்ஸ் பேப்பர்ல எழுதித்தான் நான் பாஸானேன். வீட்டு வாசல்ல ஒண்ணு நிக்குதுன்னு அப்போ தெரியாது.

சரி, விற்பனைக்கு வருவோம். எங்க ஊர் புரோக்கர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "தம்பி, வண்டியை விக்காத, கதையை வில்லு"ன்னார். ஒரு பழைய நடிகர் பேரைச் சொல்லி, அவர் ஷூட்டிங்குக்கு ஓட்டினதுன்னு போடச் சொன்னார். அது வேணாம்னுட்டேன். நல்லவன்கிறதால இல்ல, மாட்டிப்போம்னு பயம். சிங்கிள் ஓனர், ஒரிஜினல் என்ஜின்னு மட்டும் போட்டேன். அது நிஜம்னுதான் நினைச்சேன். சென்னைல இருந்து ஒருத்தர் போன் பண்ணார். பழைய கார் சேர்க்கறவர். போட்டோ பார்த்தே ரெண்டே முக்கால் லட்சம் பேசினார். அப்பா முகத்தைப் பார்க்கணுமே!

கூடவே ஒண்ணு கேட்டார்: "ஆர்.சி. புக்ல இருக்கற சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில இருக்கான்னு தேய்ச்சுப் பார்த்து போட்டோ அனுப்புங்க தம்பி."

கெரசின் போட்டுத் தேய்ச்சேன். சேஸிஸ் நம்பர் சரியா இருந்தது. என்ஜின் நம்பர்ல ஒரு எழுத்துகூட ஒத்துப்போகல. இன்னொண்ணும் அப்பதான் பார்த்தேன். வட ஆற்காடு மாவட்டமா நாம இருந்த காலத்து ஆர்.சி. புக் அது, திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989லதான். முதல் பக்கத்துல இருந்தது வேலூர்ல ஒரு டாக்டர் பேர். தாத்தா பேர் 1976ல, ரெண்டாவதா.

ஆயாகிட்ட போய்க் கேட்டேன். மல்லாட்டை உரிச்சுகிட்டே சொன்னாங்க, "அத இன்னாத்துக்கு இப்ப கேக்கற? அந்த என்ஜின் என் வளையல்டா."

1983ல செங்கத்துல இருந்து திரும்பி வரும்போது ரேடியேட்டர் ஓஸ் வெடிச்சிருக்கு. தாத்தா கவனிக்காம ஓட்டிட்டார், பிஸ்டன் பிடிச்சுடுச்சு. ஹெரால்டும் அதுக்குப் பின்னாடி வந்த கேசலும் அதுக்குள்ள நின்னு போயிருந்தது, புது ஸ்பேர் கிடைக்கல. தாத்தா மெட்ராஸ் போய் புதுப்பேட்டைல மூணு நாள் அலைஞ்சு, உடைச்ச வண்டியில இருந்து கழட்டின என்ஜின் ஒண்ணு வாங்கினார். அவர் கணக்கு எழுதின மண்டியில இருந்து மல்லாட்டை ஏத்திட்டுப் போன லாரி காலியாத் திரும்பும்போது அதுல போட்டு எடுத்துட்டு வந்தார். காசுக்கு ஆயாவோட ரெண்டு வளையல் அடகுக்குப் போச்சு. அதுல ஒண்ணு திரும்பி வரவே இல்ல.

ஆயா டிரங்குப் பெட்டியைத் திறந்து ரெண்டு காகிதம் எடுத்தாங்க. ஒண்ணு அடகு ரசீது. இன்னொண்ணு புதுப்பேட்டைக் கடைக்காரர் பென்சில்ல எழுதின துண்டுச் சீட்டு. ஹெரால்டு என்ஜின் ஒண்ணு, ரூ. 4,200, கீழே ஒரு நம்பர். நான் கெரசின் போட்டுத் தேய்ச்செடுத்த அதே நம்பர்.

இப்போ நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? என் ரூம்மேட் நம்பர் பன்ச் செட் ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்கும்னான். விளையாட்டுக்குத்தான் சொன்னான், ஆனா அது நடக்காத விஷயம் இல்ல. உலகம் பூரா பழைய கார் ஏலத்துல "மேட்சிங் நம்பர்ஸ்" ஒரு மந்திரம். 2022ல மெர்சிடஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே ஒண்ணு 13.5 கோடி யூரோவுக்குப் போச்சு. செஞ்சதே ரெண்டுதான், அதைச் செஞ்ச கம்பெனிகிட்டயே இருந்து வந்தது, ஒரு சந்தேகமும் இல்லாத வரலாறு. காசு அதுக்குத்தான்.

ஆனா இன்னொரு கேஸ் படிச்சேன், அதுதான் என்னைத் தூங்க விடல. பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் ஒண்ணு, பேரு ஓல்டு நம்பர் ஒன். 1929, 1930 ரெண்டு வருஷமும் லெ மான்ஸ் ரேஸ்ல ஜெயிச்சது. பிறகு ரேஸுக்காக அதோட என்ஜின், பாடி, சேஸிஸ் பாகங்கள்னு ஒவ்வொண்ணா மாத்திட்டே வந்தாங்க. பல வருஷம் கழிச்சு சுமார் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசினப்ப, வாங்கறவங்க "இது அந்த வண்டியே இல்ல"ன்னு பின்வாங்கிட்டாங்க. லண்டன்ல கேஸ் நடந்தது. 1990ல நீதிபதி சொன்னது: பாகங்கள் மாறியிருக்கு, உண்மை. ஆனா அந்த வண்டி தொடர்ந்து ஒரே வண்டியா இருந்து வந்திருக்கு, வரலாறு அறுபடல, அதனால அந்தப் பேர் அதுக்கு உரியதுதான். வித்தவர் ஜெயிச்சார்.

எங்க ஹெரால்டு லெ மான்ஸ் போகல, செங்கம்தான் போச்சு. ஆனாலும் அந்த பென்சில் சீட்டைக் கையில வெச்சுகிட்டு அந்தத் தீர்ப்பைப் படிச்சப்ப, நம்பரைப் பன்ச் பண்ணா நான் அழிக்கறது எதைன்னு புரிஞ்சது.

சென்னைக்காரருக்கு எல்லாத்தையும் சொன்னேன். கோபப்படல. "நல்லவேளை சொன்னீங்க"ன்னுட்டு ஒண்ணரை லட்சத்துக்கு இறங்கிட்டார். அவர் சொன்ன காரணமும் நியாயம்தான். 2021 ஜூலைல மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதியலாம். "விஏ"ன்னு எழுத்து வர்ற தனி நம்பர், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். தினம் ஓட்டக் கூடாது, ராலி, கண்காட்சி, ரிப்பேர், பெட்ரோல் போட இப்படித்தான் ரோட்டுல எடுக்கலாம். வண்டி ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும், சேஸிஸ், பாடி, என்ஜின்ல மாற்றம் பண்ணியிருக்கக் கூடாது. அதே மாடல் என்ஜினைப் போட்டது மாற்றமா இல்லையான்னு ஆய்வு பண்ற குழுதான் சொல்லணும். தாத்தா வேற, என்ஜின் மாத்தினதை ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி புக்குல ஏத்தவே இல்ல. அந்தத் தலைவலிக்கெல்லாம் சேர்த்துத்தான் அவர் குறைச்சார்.

அப்பா ரெண்டு நாள் என்கிட்ட பேசல. ஒண்ணேகால் லட்சம்னா எங்க வீட்டுல சின்ன விஷயம் இல்ல. ஆயா மட்டும், "ஒண்ணரைக்கு வாணாம், நிக்கட்டும்"னாங்க.

விளம்பரத்தைத் திருத்தி எழுதினேன். "ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, 1970. ரெண்டாவது ஓனர் குடும்பம். 1983ல என்ஜின் மாத்தினது, அதே மாடல், வாங்கின சீட்டு கையில இருக்கு. ஆர்.சி.யில ஏத்தணும்." அனுப்பறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட போனைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் படிச்சார். ஒண்ணும் சொல்லாம, தடவித் தடவி அவரே ஒரு வரி சேர்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரேடியேட்டர் லேசா ஒழுகும்."

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வர்ற ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றேன்னிருக்கார். விலை இன்னும் பேசல. அந்தச் சீட்டை நேர்ல பார்க்கணும்னு மட்டும் சொன்னார். நான் இந்த வாரம் ஊருக்குப் போறேன், நாலு டயருக்கும் காத்து அடிக்கணும்.