கொக்குவில் வாசிகசாலை

எங்கள் ஒழுங்கை பெரிய தெருவில் ஏறுகிற முடக்கில் சனசமூக நிலையம் இருந்தது. முன்னுக்கு ஒரு விறாந்தை, அதில் சாய்வான பத்திரிகை மேசை, உள்ளே இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம். யாழ்ப்பாணத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் உள்ள ஊரென்றால் வாசிகசாலையும் இருக்கும். பின்னேரம் தோட்டத்தில் இறைப்பு முடித்து வருகிறவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபடியே பேப்பர் படிப்பார்கள். ஒருவர் உரத்துப் படிப்பார். கண் தெரியாத கிழவர்கள் விறாந்தைக் கட்டில் இருந்து கேட்பார்கள்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் முற்பகுதியை. யுத்த காலம். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றரி, அச்சுத்தாள் எல்லாவற்றுக்கும் தடை. பத்திரிகைகள் பள்ளிக் கொப்பிக்கான கோடு போட்ட தாளில் அச்சாகி வந்த காலம். இரவில் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்சமாய் மண்ணெண்ணெய் ஊற்றி எரியவிடுவோம். அந்த வெளிச்சத்தில் ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் திருப்பும்போது கண் எரியும். ஆனாலும் அந்த வருடங்களில் படித்த அளவுக்குப் பிறகு எந்தக் காலத்திலும் நான் படிக்கவில்லை. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', டானியலின் 'பஞ்சமர்', மாஸ்கோவில் அச்சாகி வந்த பெரல்மானின் பௌதிகப் புத்தகம் எல்லாம் அந்த இரண்டு அலுமாரிக்குள் இருந்தன.

அதே அலுமாரியின் கீழ்த்தட்டில் பேசிக் நிரல்மொழி பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் கிடந்தது. கணினியைப் படத்தில் மட்டும் பார்த்த பெடியன் நான். பொறுப்பாக இருந்த மாஸ்டர் சொன்னார்: "தம்பி, உதை ஒருத்தரும் எடுக்கிறேல்லை. நீர் வைச்சிருந்து ஆறுதலாப் படியும்." படித்தேன். இயந்திரம் இல்லாததால் நானே இயந்திரமானேன். கொப்பியில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கட்டம் கீறி, வரி வரியாகப் போய், பெறுமானம் மாற மாறப் பழையதை வெட்டிப் புதியதை எழுதுவேன். பல வருடம் கழித்துக் கொழும்பில் முதன்முதலாக விசைப்பலகையைத் தொட்டபோது, அந்தக் கொப்பி நிரல்களில் ஒன்றைத்தான் அடித்துப் பார்த்தேன். ஓடியது. நிரலை முழுதாக வாசித்து விளங்கிக்கொண்ட பிறகே கை வைக்கிற பழக்கம் எனக்கு அந்த வாசிகசாலை தந்தது. இளையவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

வீட்டில் அப்பாவுக்கென்று தகரப்பெட்டி நிறைய ஒரு சேகரம் இருந்தது. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை'யின் இதழ்களை அவர் ஆண்டுவாரியாக நூலால் கட்டி வைத்திருந்தார். எழுபதுகளில் வந்த வீரகேசரிப் பிரசுர நாவல்களும் அதற்குள் இருந்தன. இரவல் கொடுத்தால் கொப்பியில் பெயர் எழுதிக் கையொப்பம் வாங்குவார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்க, வலிகாமமே தென்மராட்சிக்கு எழும்பிப் போனபோது, சைக்கிளில் அரிசியும் உடுப்பும் அம்மம்மாவும் ஏறினார்கள். பெட்டி நின்றுவிட்டது. அடுத்த வருடம் திரும்பி வந்து திறந்தோம். கறையான் மண்தான் மிச்சம். அப்பா ஒன்றும் பேசவில்லை. மூடியை மட்டும் திரும்ப மூடினார்.

யாழ்ப்பாணத்தின் பெரிய இழப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலே தொடங்கிய இரவல் நூலகம் அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு வந்தபோது அதில் 844 புத்தகங்கள் இருந்தன. அதுவே வளர்ந்து, நூலகவியலாளர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையோடும் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்தோடும் எழும்பி 1959இல் திறக்கப்பட்ட பொது நூலகம், 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை' இன்றைக்கும் நம் கையில் இருக்கிறதென்றால், அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சேறிப் பல இடங்களுக்குப் போனதால்தான். ஒரே பிரதியாக இருந்த ஏடும் கையெழுத்தும் சாம்பலானால் அவற்றின் பெயர்கூட மிஞ்சுவதில்லை. நிரல் எழுதுகிறவனுக்கு முதலில் வரும் பயம் இதுதான்: இது வேறெங்கும் இருக்கிறதா?

அந்தக் கேள்வியைச் சிலர் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். 1998 பொங்கலன்று சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம், தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்க்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஈழத்து நூல்களுக்கென்றே கோபிநாத்தும் மயூரனும் 2005இல் 'நூலகம்' திட்டத்தை எழுப்பினார்கள். விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருளின் மேல், தன்னார்வலர்களின் கையால் பல பத்தாயிரம் ஆவணங்கள் இன்று அங்கே சேர்ந்திருக்கின்றன. நூலகர் என். செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்ட 'நூல்தேட்டம்' என்ற நூற்பட்டியல் இல்லையென்றால், எதைத் தேடுவதென்றே பாதி தெரிந்திருக்காது. அப்பா கட்டிவைத்த மல்லிகைகளில் பலவற்றை நான் மறுபடி பார்த்தது திரையில்தான். விடிய விடியப் பார்த்தேன்.

நானும் சேர்க்கிறேன். வாங்கினால் இரண்டு பிரதி; ஒன்று எனக்கு, மற்றது வருடிக்கு. ஆனால் என் மனம் அதிகம் போவது கடையில் கிடைக்காதவற்றின் பக்கம். செத்த வீட்டு அந்தியேட்டி நாளில் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகங்களை எடுங்கள். தேவாரத்துக்கு முன்னால், செத்தவரின் வம்சம், படித்த பள்ளிக்கூடம், மலாயாவில் பார்த்த உத்தியோகம், ஊரில் வெட்டுவித்த கிணறு எல்லாம் எழுதியிருக்கும். எங்கள் ஊர்களின் சரித்திரத்தில் பெரும் பங்கு இந்த மெல்லிய ஏடுகளில் கிடக்கிறது. புத்தகமென்று மதித்து எந்த அலுமாரியிலும் ஒருவரும் வைக்கவில்லை.

இப்போது லீவில் ஊருக்குப் போனால் கொக்குவில், இணுவில், தாவடி என்று சைக்கிளில் சுற்றுகிறேன். போனமுறை இணுவிலில் ஒரு அம்மா சாமியறைப் பெட்டியிலிருந்து தன் மாமனாரின் கல்வெட்டை எடுத்துத் தந்தார். "ஒற்றை கிழியாமல் திருப்பிக் கொண்டுவாரும் தம்பி." வருடி எடுத்து அந்தக் கிழமையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் புரட்டிச் சரிபார்த்துவிட்டு, பின்வளவு வேலிப் பொட்டால் அடுத்த வீட்டை நோக்கிக் குரல் கொடுத்தார். அங்கே மூன்று இருக்கிறதாம்.