பெரும்பாலோருக்குப் புரிகிற மொழியில்

ஆலையில் ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அத்தோடு, அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் புரிகிற ஒரு மொழியிலும் இருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு இப்படிச் சொன்னது என்று எனக்குத் தெரிய வந்தது திருப்பதியில் நடந்த ஒரு கருத்தரங்கில்தான். சித்தூர் கோர்ட்டிலிருந்து பேச வந்த வக்கீலம்மா, தெலுங்கில் பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, "உங்க இடத்துல அந்த மொழி எது?" என்று வரிசையாகக் கேட்டார். தெலுங்கு என்றார்கள் முன்வரிசையில். ஸ்ரீசிட்டிப் பக்கத்து ஆலையிலிருந்து வந்திருந்தவர் கொஞ்சம் யோசித்து, இந்தியும் ஒடியாவும் என்றார். நகரியிலிருந்து போயிருந்த நான் தமிழ் என்றேன். அவர் தமிழுக்கு மாறி, "அப்ப தமிழ்ல ஒட்டுங்கம்மா. பாதிப் பேருக்கு மேல படிக்க முடியாத தாள் ஒட்டாத தாள்தான்" என்றார்.

எனக்கு அது சின்னப் பேச்சாகப் படவில்லை. நகரியில் பிறந்தவளுக்குத்தான் அதன் கனம் தெரியும். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடியதில், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி திரும்பி வந்தது. நகரி வரவில்லை. திருத்தணியிலிருந்து ரயிலேறினால் பொன்பாடி, அதைத் தாண்டினால் ஏகாம்பரகுப்பமும் நகரியும். பாதையில் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. பெட்டியில் பேசுகிற தமிழும் அப்படியே வரும். மாறுவது காகிதம்தான். ரேஷன் கார்டு, பட்டா, கரண்ட் பில், லேபர் ஆபீஸ் நோட்டீஸ் எல்லாம் தெலுங்கில் வரும். தறி ஓட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் தெலுங்கைப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுவார்கள்.

மாமாவும் அப்படித்தான். அம்மாவின் தம்பி. ஏகாம்பரகுப்பத்தில் ஒரு தறிக்கூடத்தில் ராத்திரி ஷிப்டு. அந்தத் தெருக்களில் விசைத்தறிச் சத்தம் நிற்பதே இல்லை. உள்ளே வேலை செய்கிறவர்கள் கையாலும் புருவத்தாலும் பேசிப் பழகியவர்கள், வீட்டுக்கு வந்தும் உரக்கப் பேசுவார்கள். சின்னப்பிள்ளையில் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகிறபோது என்னை வாசலோடு நிறுத்திவிடுவார். நாடா தெறிக்கும், உள்ளே வராதே என்பார். ஒரு நாள் அது அவர்மேலேயே தெறித்தது. கூர்முனையில் உலோகம் பூட்டிய கட்டை. ஓடுகிற வேகத்தில் பாவை விட்டு வெளியே பாய்ந்தால் பிடிக்க ஆளில்லை. இடது கண். எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் இருந்தது, பார்வை திரும்பவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை, தூரத்துச் சொந்தமும்கூட. ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், மேற்கொண்டு கொஞ்சம் பணமும் கொடுத்தார், ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இனி எந்தப் பாத்தியமும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. மாமா ஆறு மாதத்தில் அதே கூடத்துக்கு வேலைக்குத் திரும்பினார்.

ஒற்றைக் கண்ணோடு அறுந்த இழை தேடுவது எப்படி என்று அத்தை ஒருமுறை கேட்டாள். மாமா பதில் சொல்லவில்லை.

கருத்தரங்குகளுக்கு என்னை அனுப்பிய ஆலை வேறு. அங்கே நான் ஆபீஸில் சம்பளக் கணக்கு பார்த்தேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் என் மேசை. புத்தூர் வழியாக பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போவேன். ஓட்டல் மாடியில் குளிர்ந்த அரங்கு, மேசைக்கு மேசை தண்ணீர் பாட்டில், ஒரு ஃபைல், ஒரு பேனா. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் என்னைப்போல நிர்வாகத்தின் ஆட்கள். பேச வருகிறவர்களில் சிலர் சட்டப் பெயர்களை வாசித்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பிடித்தவர்கள் மறுநாள் காலையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறவர்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் தேதி, நேரம், இடம் மூன்றும் இருக்கிறதா பார். பதில் சொல்ல அவகாசம் கொடு. புகார் சொன்னவரையே விசாரணை அதிகாரியாகப் போடாதே. மிகைநேர வேலைக்கு இரட்டைச் சம்பளம், அதைத் தனிப் பத்தியில் எழுது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இவற்றில் ஒன்று தவறிப்போய், வேலை இழந்தவரும் நிர்வாகமும் வருஷக்கணக்கில் லேபர் கோர்ட்டுக்கு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கோர்ட்டில் வக்கீலுக்கே எளிதில் இடம் கிடையாது என்பதும் அங்கே கேட்டதுதான். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, சமரசப் பேச்சில் வக்கீல் வரவே கூடாது என்றது. லேபர் கோர்ட்டில் எதிர்த்தரப்பு சம்மதித்து, கோர்ட்டும் அனுமதித்தால்தான் வரலாம் என்றது. தொழிலாளிக்கு வக்கீல் வைக்க வசதி இராது, முதலாளிக்கு இருக்கும், அந்த மேடுபள்ளத்தைச் சட்டமே நிரவப் பார்த்தது. இன்னொரு பக்கம் பார் கவுன்சில் விதி, அதுவும் 36தான், வக்கீல்கள் விளம்பரம் செய்து வேலை தேடக் கூடாது என்கிறது. ஆக, தகராறு வருவதற்கு முன்பே வந்து சொல்லிக்கொடுப்பது இந்தத் துறையில் வக்கீல் செய்யக்கூடிய பெரிய வேலை. அதை நான் மதிக்கிறேன். யாரிடம் வந்து சொல்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆதங்கம்.

ஒரு காலத்தில் அவர்கள் போன இடமே வேறாக இருந்தது. வ.உ.சி. வக்கீல். 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது சுப்பிரமணிய சிவாவோடு அவர்கள் நடுவில் நின்றவர் அவர். கூலி உயர்வோடும் வார விடுமுறையோடும் அது முடிந்தது. சிங்காரவேலரும் வக்கீல். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியவர். அயர்லாந்தில் சட்டம் படித்து வந்த வி.வி. கிரி, கோர்ட்டுக் கட்டடத்தைவிட ரயில்வே தொழிலாளர் சங்கத்தில் அதிக நாள் இருந்தார். தொழிலாளர் அமைச்சரானபோது, தீர்ப்பாயத்துக்கு ஓடாமல் இரு தரப்பும் உட்கார்ந்து பேசுங்கள் என்றே வற்புறுத்தினார். இந்த வரிசையைச் சேர்ந்த ஒருவர் ஏகாம்பரகுப்பத்துக்கு ஒரு சாயங்காலம் வந்திருந்தால் போதும் என்று திருப்பதி அரங்குகளில் உட்கார்ந்து நினைத்திருக்கிறேன்.

மாமாவின் கண்ணுக்கு என்ன கணக்கு என்று தெரிந்ததும் அப்படி ஓர் அரங்கில்தான், காலம் கடந்து. வக்கீல் ஒருவர் வெள்ளைப் பலகையில் 1923ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையை எழுதினார். கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆட்காட்டி விரல் 14. முழுச் செவிடு 100. ஒரு கண்ணின் பார்வை, மறுகண் நன்றாக இருந்தால், 30. உதாரணத்துக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்வோம் என்றார். வயது 30, மாதக் கூலி 1,500. கூலியில் 60 சதவீதம் 900. முப்பது வயதுக்கான பெருக்கும் எண் 207.98. பெருக்கினால் 1,87,182. அதில் 30 சதவீதம் 56,155 ரூபாய். அவர் உதாரணமாகச் சொன்ன வயதும் கூலியும் ஏறக்குறைய மாமாவுடையவை. மாமா கையில் வாங்கிய தொகை இதற்குப் பக்கத்தில்கூட வராது.

இந்தச் சட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை இல்லை, மின்சாரத்தில் ஓடுகிற தறி ஒன்றே இருந்தாலும் பொருந்தும் என்று அவர் தொடர்ந்தார். 17ஆம் பிரிவைச் சொன்னார். நஷ்டஈட்டை விட்டுக்கொடுக்கிறேன் என்று தொழிலாளி எழுதிக்கொடுத்த எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் தாளை நினைத்துப் பயந்துதான் மாமா யாரிடமும் போகவில்லை. கேட்க இரண்டு வருஷம் கெடு; தக்க காரணம் இருந்தால் நஷ்டஈட்டுக் கமிஷனர் தாமதத்தை மன்னிக்கலாம். எங்களுக்குக் கெடுவும் தெரியாது, கமிஷனர் என்று ஒருவர் இருப்பதும் தெரியாது. முதலாளிக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பார்.

அறிவு எந்த நாளில் வந்து சேருகிறது என்பது பெண்களின் விஷயத்தில் இன்னும் கொடுமையானது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் 2013 டிசம்பர் 9 முதல் நடப்புக்கு வந்தபின் எங்கள் ஆலையில் உள்புகார்க் குழு அமைத்தார்கள், என்னையும் போட்டார்கள். புகார் கொடுக்க மூன்று மாதம். காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இதெல்லாம் தாளிலேயே இருக்கிறது. தாளில் இல்லாததைச் சொன்னார் அதே சித்தூர் வக்கீலம்மா. புகார் சொன்ன பெண்ணையும் சொல்லப்பட்டவரையும் ஒரே வராந்தாவில் காத்திருக்க வைக்காதீர்கள். அப்பவே ஏன் சொல்லவில்லை என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். அவள் சொன்ன வார்த்தையை அவள் மொழியிலேயே எழுதுங்கள், நாகரிகப்படுத்தாதீர்கள். ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற கிராம ஊழியர் குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் பட்ட கொடுமையிலிருந்து, 1997இல் விசாகா தீர்ப்பும் அதன் வழிகாட்டுதலும் வந்ததைச் சொன்னார். வக்கீல் சங்கங்களும் அந்த வழிகாட்டுதலைப் பின்பற்ற வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்ததையும் அவரே சொன்னார். "எங்க வீட்டையும் சேர்த்துத்தான் பேசறேன்" என்றார்.

பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் குழு தேவையில்லை; அங்கே இருக்கிற பெண் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம், வீட்டுவேலை செய்கிறவரும் போகலாம். இதைக் கேட்டதும் எனக்குத் தார் சுற்றுகிற பெண்கள் ஞாபகம் வந்தது. அத்தையும் தார் சுற்றியவள். நாலு தறி, எட்டுத் தறிக் கூடங்களின் மூலையில் உட்கார்ந்து ஊடைக்குத் தார் சுற்றுகிற இந்தப் பெண்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அன்று இரவு அத்தையிடம் கலெக்டர் ஆபீஸில் இப்படி ஒரு குழு இருக்கிறது என்றேன். "யாரு அங்க போய்ச் சொல்லுவா, எந்த பாஷையில சொல்லுவா?" என்றாள்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போயின. உடனே கருத்தரங்குகள் பெருகின. விலக்கப்பட்ட படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் மிகை கூலியோடு சேரும் என்ற கணக்கைத்தான் எல்லா மேடையிலும் போடுகிறார்கள். மின்சாரத்தில் ஓடுகிற இடம் தொழிற்சாலை எனப்பட முன்பு 10 பேர் போதும், இப்போது 20 பேர் வேண்டும். இதை ஒருவரும் நிறுத்திச் சொல்வதில்லை. நியமனக் கடிதம் கட்டாயம் என்பது நல்லது, ஆனால் அதற்கும் பத்துப் பேர் இருக்கிற இடமாக இருக்க வேண்டும். நகரியில் அண்ணன் பேரில் நாலு தறி, தம்பி பேரில் நாலு தறி என்று பிரித்து வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்களெல்லாம் மிக நன்றாகத் தெரியும். உள்ளே நிற்கிறவருக்குத் தெரியாது.

அந்தக் கணக்கை ஒருவர் கேட்டதை நான் நேரில் பார்த்தேன், தொகுப்புச் சட்டங்கள் வருவதற்குப் பல வருஷம் முன்பு. மே தினத்தன்று சட்டப் பணிகள் குழு நகரியில் நியாய விஞ்ஞான சதஸ்ஸு, அதாவது சட்ட விழிப்புணர்வுக் கூட்டம், வைத்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது என்று தெலுங்கில் சொன்னார்கள். அங்கேயும் வந்திருந்த சித்தூர் வக்கீலம்மா அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார். முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒரு நடுவயதுத் தறிக்காரர் எழுந்தார்.

"மேடம், நாலு தறி எங்க ஓனர் பேர்ல, நாலு அவர் மச்சான் பேர்ல, நாலு அவங்க வீட்டம்மா பேர்ல. நாங்க எத்தனை பேரு கணக்கு?"

வக்கீலம்மா பதிலாகக் கேள்விகளைக் கேட்டார். நூல் யார் வாங்கித் தருகிறார்? ஒருவர்தான். கூலி யார் கையால்? அவர் கையால். இந்தக் கூடத்தில் ஆள் வராவிட்டால் அந்தக் கூடத்து ஆள் வந்து ஓட்டுகிறாரா? ஓட்டுகிறார். பாவு ஒரே இடத்திலிருந்து வருகிறதா? ஆமாம். பேர் மூன்றாக இருந்தாலும் நிர்வாகம், பணம், வேலை ஒன்றோடொன்று பின்னியிருந்தால் ஒரே நிறுவனமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1959இலேயே அசோசியேட்டட் சிமெண்ட் வழக்கில் வழி சொல்லியிருக்கிறது என்றார். வைப்பு நிதிக்கு 20 பேர் என்றும் சொல்லி, "எண்ணுங்க பார்க்கலாம்" என்றார்.

தறி ஓட்டுகிறவர்கள், பாவு பிணைக்கிறவர், மேஸ்திரி என்று தறிக்காரர் விரல்விட்டு எண்ணிப் பதினேழில் நின்றார்.

"தார் சுத்தறவங்க?" என்றார் வக்கீலம்மா.

"அவங்க பொம்பளைங்க மேடம், நாலு பேரு."

என் பக்கத்தில் இருந்த அத்தை எழுந்துவிட்டாள். "நாங்களும் கணக்காம்மா?"

"அவர்கிட்ட கூலி வாங்குறீங்க இல்ல? கணக்குதான். இருபத்தொண்ணு" என்று சொல்லி, அவர் தன் நோட்டைத் திறந்து அத்தையிடம் பெயர் கேட்டார்.