பனிமலையில் பால பாடம்

பிரான்ஸ் தேசத்தில், மாண்ட் பிளாங்க் சிகரத்தின் அடிவாரத்திலுள்ள ஊர் ஷாமொனி. 1924-ல் முதல் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றது இங்கேதான்.

பிப்ரவரி விடுமுறையில் குழந்தைக்கு இங்கே பனிச்சறுக்குப் பழக்க விரும்புவோர், பனி விழுமுன்பே தனி ஆசிரியரை அமர்த்திக்கொள்வது நலம். தேசத்துப் பள்ளிகளை 3 மண்டலங்களாக வகுத்து, இவ்விரண்டு வாரமாக விடுமுறையைப் பகிர்ந்தளித்தும் கூட்டம் குறைந்தபாடில்லை.

ஐந்து பிராயக் குழந்தைக்குக் காலை முழுதும் பாடம் எதற்கு? விரல் விறைத்தபின் மனம் பாடத்தில் நில்லாது. ஒரு மணி நேரமே போதுமென்பது பள்ளிப் பிள்ளைகளோடு பழகிய நமது அபிப்பிராயம். பிறர் உணவருந்தச் செல்லும் நடுப்பகலாயின் சரிவில் நெரிசலும் குறைவு.

ஆசிரியர் குழந்தையின் பாஷையைப் பேசுவாரா என்பதையே நாம் முதலில் விசாரிக்கவேண்டும். சறுக்குக் கட்டைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றினால் வேகம் அடங்கும். அதைச் சொல்லும் சொல் குழந்தைக்கு விளங்கவேண்டாமா? விரைவதற்கு முன் நிற்கக் கற்பதே பனிமலையில் பால பாடம்.