ஈப்போவிலிருந்து வந்த வண்ணத்துப்பூச்சிகள்

ஈப்போவில் இருந்த என் தாய்மாமா முதலில் நீல ஏரோகிராமில்தான் எழுதுவார். அதில் ஸ்டாம்பு தனியாக ஒட்டியிருக்காது, தாளோடு சேர்த்தே அச்சடித்திருப்பார்கள். கத்தரித்தால் கடிதத்தின் ஒரு மூலையும் போய்விடும் என்று அம்மா தொடவிடமாட்டாள். தம்பியின் கையெழுத்து அவளுக்குப் பெரிது. தீபாவளிக்கு முன் அப்பா எழுதிய கடிதத்தின் அடியில், "பையன் ஸ்டாம்பு சேர்க்கிறான், முடிந்தால் கவரில் போடவும்" என்று ஒரு வரி கெஞ்சிச் சேர்க்கவைத்தேன். அதற்குப் பிறகு நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த மாமாவின் கவர்களில் வண்ணத்துப்பூச்சிகள் வரத் தொடங்கின.

மலேசியா 1971இல் வெளியிட்ட வரிசை அது. பூச்சியின் படத்தோடு ஓரத்தில் சின்னதாக அந்தந்த மாநிலத்துச் சுல்தானின் முகம். மாமா அனுப்பியதில் பேராக் என்று இருக்கும். பக்கத்து வீட்டு அத்தைக்குக் கிள்ளானிலிருந்து மகன் எழுதுவதில் அதே பூச்சி, அதே ஐந்து காசு, ஆனால் சிலாங்கூர் என்றிருக்கும், முகமும் வேறு. பினாங்குக் கடிதத்தில் முகமே இல்லை, மாநிலச் சின்னம்தான். சுல்தான் இல்லாத பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் நான்குக்கும் அப்படித்தான். பதின்மூன்று மாநிலங்கள், மாநிலத்துக்கு ஏழு மதிப்புகள் என்று தொண்ணூற்றொரு ஸ்டாம்பு இருந்தால்தான் அந்த ஒரு வரிசை முடியும். நாகப்பட்டினத்தில் அன்று தெருவுக்குத் தெரு யாரோ ஒருவர் மலேயாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். அங்கிருந்து வரும் எம்.வி. சிதம்பரம் கப்பல் கரைக்கு வராமல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் இறங்கி வருகிறவர்களின் பெட்டிகளில் ஆர்ச்சர்டு ஸ்பிரேயும் கோடாலித் தைலமும் வந்தால், எனக்கு அவர்கள் வீட்டுப் பழைய கவர்கள் வந்தன. "கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க அத்தை" என்று சொல்லிவைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை.

எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. டின் நிறைந்தபோதுதான் ஆல்பம் என்ற பேச்சு வந்தது.

தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் தெருக்கோடியில் இருந்தார். பிள்ளைகள் எல்லோரும் அவரைப் போஸ்டாபீஸ் தாத்தா என்போம். அவரிடம் இங்கிலாந்தில் அச்சான கெட்டி அட்டை ஆல்பம் ஒன்று இருந்தது. யுத்தத்துக்கு முந்தியது. பக்கம் முழுக்கக் கட்டங்கள், சில கட்டங்களில் அங்கே ஒட்டவேண்டிய ஸ்டாம்பின் கறுப்பு வெள்ளைப் படம். பவேரியா, பாரசீகம், சயாம், கோல்ட் கோஸ்ட், டாங்கனிக்கா என்று தலைப்புகள். அந்தப் புத்தகத்தைத் திறந்தால் மூடமாட்டேன். காலிக் கட்டங்களைப் பார்க்கப் பார்க்க, அவற்றை நிரப்பிவிட்டால் உலகமே கையில் வந்துவிடும் என்று தோன்றும்.

"எனக்கும் இதே மாதிரி வேணும் தாத்தா" என்றேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. "உன் பட்டாம்பூச்சிய எல்லாம் எடுத்துட்டு வா, இதுல வச்சுப் பாக்கலாம்" என்றார். வைத்துப் பார்த்தோம். பேராக்குக்கு ஒரு பக்கம் இருந்தது, அதில் யுத்தத்துக்கு முந்தைய கட்டங்கள் மட்டும். பினாங்குக்குப் பக்கமே இல்லை. மலேசியா என்ற நாடு அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. அது பிறந்ததே 1963இல். கோல்ட் கோஸ்ட் 1957இல் கானா ஆகியிருந்தது. டாங்கனிக்காவும் சான்சிபாரும் 1964இல் சேர்ந்து தான்சானியா ஆகியிருந்தன. தாத்தா தன் ஆல்பத்தின் ஓரங்களில் துண்டுத்தாள்களைச் செருகி அவற்றில்தான் புது நாடுகளை வைத்திருந்தார். புத்தகம் முதுகு பிளந்து நின்றது.

உலகத்துக்கெல்லாம் ஒரே புத்தகம் என்பது ஒரு காலத்தில் நடக்கக்கூடிய காரியமாக இருந்தது. முதல் ஸ்டாம்பான பென்னி பிளாக் 1840இல் வந்தது. கட்டம் போட்ட முதல் ஆல்பத்தை ஜஸ்டின் லாலியே என்பவர் பாரிஸில் 1862இல் வெளியிட்டார். இருபத்திரண்டே வருடத்து ஸ்டாம்புகள்தான், ஒரு பிள்ளை தூக்கக்கூடிய புத்தகத்தில் அடங்கின. நூறு வருடம் கழிந்த பிறகும் கடைகளில் அதே வாக்குறுதியைத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கோடை விடுமுறையில் அப்பாவுக்கு மெட்ராஸில் ஒரு வேலை. என்னையும் கூட்டிப்போனார். எழும்பூரில் இறங்கி, வேலை முடிந்த கையோடு சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட். சிவப்புக் கட்டடம், சுற்றிலும் பழைய புத்தகங்கள், கிராமபோன் தட்டுகள், செல்லாத காசுகள். உலகநாடுகள் என்று எழுதிய செலபன் பொட்டலங்கள் ஒரு கடையில் கயிற்றில் தொங்கின. அவற்றில் பாதி அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன். வளைகுடாவின் சின்னச் சின்ன ஷேக் நாடுகளின் பெயரில் வந்த பெரிய பெரிய ஸ்டாம்புகள், குதிரை, ரேஸ் கார், விண்வெளி வீரர், ஓவியம். கடிதத்தில் போகாமலே முத்திரையோடு அச்சாகி, பின்னால் பசை அப்படியே இருக்கும். பெரியவர்கள் அவற்றை மதிப்பதில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையை இந்தப் பழக்கத்துக்குள் இழுத்ததில் அவற்றுக்கு ஈடு வேறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கடைக்காரர் முதலில் எடுத்துப்போட்டது உலக ஆல்பம். பளபள அட்டை, ஒவ்வொரு நாட்டுக்கும் கொடி, தலைநகரம், அரைப்பக்கம் கட்டம். அப்புறம் ஸ்டாக் புக், கண்ணாடித்தாள் பட்டைக்குள் ஸ்டாம்பைச் செருகிவைப்பது. மாற்றிக்கொள்ளும் இரட்டைப் பிரதிகளுக்கு அது நல்லது, அவ்வளவுதான். மூன்றாவதைக் கேட்டபிறகுதான் எடுத்தார். இரண்டு பித்தளைத் திருகுகள் வைத்த அட்டை, உள்ளே மங்கலான சின்னக் கட்டக்கோடு போட்ட வெறும் தாள்கள். விலையும் அதிகம், தாளும் குறைவு.

"தம்பி, அதுல கொடி இருக்கு, படம் இருக்கு. இதுல என்ன இருக்கு, வெறுந்தாளு" என்றார் கடைக்காரர்.

என் சட்டைப்பையில் ஒரு கவரில் சில ஸ்டாம்புகள் இருந்தன. அச்சிட்ட ஆல்பத்தின் மேல் ஃபுஜைரா குதிரையை வைத்தேன். மூன்று கட்டத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பங்களாதேஷைத் தேடினேன், பாகிஸ்தான்தான் இருந்தது. மலேசியாவுக்கு இரண்டு வரி. தொண்ணூற்றொரு வண்ணத்துப்பூச்சியை அங்கே எப்படி உட்கார வைப்பது? அப்பா விலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "எதுடா வேணும், சீக்கிரம் சொல்லு" என்றார். நான் திருகு ஆல்பத்தைத் தொட்டேன். கூட, ஸ்டாம்பைத் தாளில் ஒட்டும் பசைத்துண்டுகளான ஹிஞ்சும் ஒரு பாக்கெட் வாங்கிக்கொடுத்தார்.

வெறும் தாள் என்றால் வரிசை நம் பொறுப்பு. அச்சிட்ட ஆல்பங்கள் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையில் போகும். நான் கப்பல் போகிற வழியில் அடுக்கினேன். முதலில் இந்தியா, அடுத்து இலங்கை. 1972 வரை சிலோன், பிறகு ஸ்ரீலங்கா, இரண்டிலும் தமிழ் எழுத்தில் இலங்கை. வேறொரு நாட்டு ஸ்டாம்பில் நம் எழுத்தைக் கண்ட சந்தோஷத்தில் அந்தத் தாளை மட்டும் அடிக்கடி திறப்பேன். அப்புறம் பர்மா, மலேசியா மாநிலம் மாநிலமாக, சிங்கப்பூர், இந்தோனேசியா, அதற்குப்பின் 1975இல் சுதந்திரமடைந்திருந்த பப்புவா நியூகினி. தாத்தா ஒரு தடவை புரட்டிவிட்டு, "இது உன் உலகம், உன் வரிசைதான்" என்றார்.

அவர் வற்புறுத்தியது வேறு விஷயங்களில். கவரிலிருந்து உரிக்கக்கூடாது. சுற்றிலும் ஓரம் விட்டு வெட்டி, கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாகக் கழன்றதும் மேலே எடுத்து, முகம் கவிழ்த்து நியூஸ்பேப்பரில் காயவைக்கவேண்டும். ஹிஞ்சை மடித்து நுனியை மட்டும் நாக்கில் தொடவேண்டும். தாளின் ஒரே பக்கத்தில்தான் ஒட்டவேண்டும், இரண்டு பக்கமும் ஒட்டினால் எதிரெதிர் ஸ்டாம்புகளின் பல் சிக்கிக் கிழியும். ஓரத்துப் பல்லோ மார்ஜினோ ஒரு மயிரளவும் குறையக்கூடாது. இங்கிலாந்து 1847 முதல் 1854 வரை வெளியிட்ட எண்கோண வடிவப் புடைப்பு ஸ்டாம்புகளை அந்தக் காலத்தார் அழகுக்காக எண்கோணமாகவே கத்தரித்துவிட்டார்கள். இன்று சதுரமாக விட்டதற்குத்தான் மதிப்பு, கத்தரித்ததற்குச் சொற்ப விலை. இதைச் சொல்லும்போது தாத்தாவின் குரலில் உண்மையான வருத்தம் இருக்கும். நாட்டின் பெயரைப் பென்சிலால்தான் எழுதவேண்டும் என்பதும் அவர் உத்தரவு.

1977 நவம்பர் புயல் நாகப்பட்டினத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. ஓடு பறந்து, அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. மறுநாள் அப்பா திருகுகளைக் கழற்றினார். தாள் தாளாகப் பிரித்து, கொடியில் துணி உலர்த்துவதுபோல் திண்ணையில் கயிறுகட்டி உலர்த்தினோம். பசையோடிருந்த புது ஸ்டாம்புகள் சில தாளோடு ஒட்டிக்கொண்டன. கடிதத்தில் வந்து, தண்ணீரில் ஊறி, பசை போன பட்டாம்பூச்சிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாத்தாவின் ஆல்பம் தையல் போட்ட புத்தகம். அதைப் பிரிக்க முடியாது. நடுப்பக்கங்கள் கட்டியாக ஒட்டிப்போயின. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பவேரியாவைத் திறக்கப் பார்த்தார், விட்டுவிட்டார். பிறகு என்னிடம் ஐந்து வெறுந்தாள் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் உலகம் பெயர் மாறிக்கொண்டேதான் இருந்தது. ரொடீசியா 1980இல் ஜிம்பாப்வே, அப்பர் வோல்டா 1984இல் புர்க்கினா பாசோ. 1990இல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றானபோது இரண்டு கட்டுத் தாள்களையும் அடுத்தடுத்து வைத்து, பின்னால் புதுத்தாள் ஒன்று சேர்த்தேன். 1991இல் சோவியத் ஒன்றியம் பதினைந்தாகப் பிரிந்தது, பதினைந்து தாள் சேர்ந்தது. மூர் மார்க்கெட்டுக்கு அதற்காகப் போக முடியவில்லை. அது 1985 மே மாதமே எரிந்துவிட்டது.

அச்சிட்ட ஆல்பம் எல்லாமே வீண் என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவின் ஸ்காட் நிறுவனத்து சர்வதேச ஆல்பத்தின் முதல் பகுதி 1840 முதல் 1940 வரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. முடிந்துபோன நூறாண்டு அது, கட்டத்துக்குள் நிற்கும். ஒரே நாட்டைச் சேர்க்கிறவருக்கும் அது பொருந்தும். உலகம் முழுவதையும், அதுவும் தனக்கு வரும் கடிதங்களிலிருந்து சேர்க்கிற பிள்ளைக்குப் பொருந்தாது.

இன்று கடிதம் அரிதாகிவிட்டது. ஆனாலும் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ஸ்டாம்பு சேர்க்க ஆசைப்பட்டால், தாள் கழற்றிச் சேர்க்கும் ஆல்பமாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். அமிலமில்லாத தாளா என்று கேளுங்கள். மலிவான பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் அது ஸ்டாம்பைக் கெடுக்கும். வரிசையைப் பிள்ளையின் விருப்பத்துக்கே விடுங்கள். நாட்டின் பெயரை மட்டும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.