பான்கேக் சாப்பிட விமானத்தில் வருவார்கள்... ஆனால் சர்க்கரையைக் கண்டால் பயம்! - ஆஷ்கோஷ் விமானத் திருவிழா

ஜூலை மாதக் கடைசி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரிப்பன் என்ற சின்ன ஊருக்கு மேலே குட்டி விமானங்கள் வரிசை கட்டுகின்றன. கீழே தெரியும் ரயில் தண்டவாளம்தான் வழிகாட்டி. கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி உயரத்தில், மணிக்குச் சுமார் 167 கி.மீ. வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாக ஃபிஸ்க் என்ற இடத்தைக் கடக்க வேண்டும்.

அங்கே தரையில் பைனாகுலருடன் நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள், விமானத்தின் நிறத்தையும் வகையையும் சொல்லி ரேடியோவில் அழைப்பார்கள். விமானி பதில் பேசத் தேவையில்லை. இறக்கையை ஆட்டிக் காட்டினால் போதும்! ஓடுபாதையில் பெரிய வண்ணப் புள்ளிகள் வரைந்திருப்பார்கள். சொன்ன புள்ளியில் இறங்க வேண்டும். முன்னால் ஒரு விமானம், பின்னால் ஒரு விமானம். கொஞ்சம் கவனம் பிசகினாலும் ஆபத்துதான்.

இப்படி வந்து சேரும் ஊர், ஆஷ்கோஷ். வின்னபேகோ ஏரிக்கரையில், சுமார் 66,000 பேர் வசிக்கும் ஊர் இது. 1970 முதல் 'ஏர்வென்ச்சர்' விமானத் திருவிழா இங்கேதான் நடக்கிறது. அந்த ஒரு வாரத்தில் 10,000-க்கும் மேற்பட்ட விமானங்களும் 6 லட்சத்துக்கும் அதிகமான மக்களும் வருகிறார்கள். பலர் ஓட்டல் தேடுவதே இல்லை. புல்வெளியில் விமானத்தை நிறுத்தி, இறக்கைக்குக் கீழேயே கூடாரம் போட்டுத் தூங்கிவிடுகிறார்கள்.

ஒரு பர்கர், நூறு டாலர்!

வருபவர்களில் பெரும்பாலோர் தனியார் விமானிகள். காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்ற இவர்களுக்கு அனுமதி கிடையாது. ஆசைக்காகப் பறப்பவர்கள். இவர்களிடையே 'நூறு டாலர் ஹாம்பர்கர்' என்று ஒரு ஜோக் உண்டு. பக்கத்து ஊர் விமான நிலைய உணவகத்துக்குப் பறந்துபோய் ஒரு பர்கர் சாப்பிட்டுத் திரும்பினால், பெட்ரோல் செலவோடு அந்த பர்கரின் விலை நூறு டாலர் ஆகிவிடுமாம்!

சின்னச் சின்ன விமான நிலையங்களில் வார இறுதியில் 'பான்கேக் பிரேக்ஃபாஸ்ட்' நடக்கும். தட்டில் அடுக்கிய பான்கேக், மேலே வழியும் சிரப், சேர்ந்து பேசச் சிநேகிதர்கள். ஆஷ்கோஷிலும் விஸ்கான்சினின் பிரபலமான பொரித்த சீஸ், சாசேஜ், ஐஸ்கிரீம், குளிர்பானம் என்று கடைகள் இழுக்கின்றன. பறப்பதும் சாப்பிடுவதும் இங்கே ஒட்டிப் பிறந்த குழந்தைகள்.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பம். 355 மி.லி. கோலா கேன் ஒன்றில் சுமார் 39 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஆண்கள் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளும் கூடுதல் சர்க்கரை 36 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க இதய சங்கம். பெண்களுக்கு 25 கிராம்தான். ஒரே கேனில் அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது!

விமானிக்கும் உண்டு 'எஃப்.சி.'!

நம் ஊரில் வண்டிக்கு எஃப்.சி. எடுப்பதுபோல, அங்கே விமானத்தை ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சான்று தர வேண்டும். விமானிக்கும் மருத்துவச் சான்று தேவை. தனியார் விமானி 40 வயதுக்குக் கீழே இருந்தால் அந்தச் சான்று 60 மாதம் செல்லும். 40-ஐத் தாண்டினால் 24 மாதம்தான். ரத்த அழுத்தம், பார்வை, சிறுநீரில் சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். 2017-ல் வந்த 'பேசிக்மெட்' என்ற எளிய முறையில், 48 மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போனால் போதும்.

இடைப்பட்ட மாதங்களில்? விமானியேதான் தனக்கு டாக்டர். உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் பறக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால், 'டாக்டரிடம் சொன்னால் சான்று போய்விடுமோ' என்ற பயத்தில் சிலர் அறிகுறிகளை மறைத்துவிடுகிறார்கள். அந்த மறைப்புக்கு விலை கொடுக்கப்போவது விமானி மட்டுமல்ல. பக்கத்து சீட்டில் நம்பி உட்கார்ந்திருக்கும் மனைவியும் குழந்தையும்தான்.

சர்க்கரையைக் குறைக்காதவர் சர்க்கரை சுமக்க வேண்டும்

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கத் தொடங்கினால் வழக்கமான சான்று கிடைக்காது. தனி அனுமதி வாங்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும் 1996 முதல் அந்த வழி திறந்திருக்கிறது. ஆனால், நிபந்தனைகள் கடுமை. கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு, பறக்கும்போது மணிக்கு ஒருமுறை, இறங்குவதற்கு அரை மணி நேரத்துக்குள் என்று ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அளவு 100-லிருந்து 300-க்குள் இருக்க வேண்டும். திடீரென்று குறைந்தால் சாப்பிட, காக்பிட்டில் குளுக்கோஸும் வைத்திருக்க வேண்டும்.

எல்லாச் சர்க்கரை நோயும் சாப்பாட்டால் வருவதில்லை. முதல் வகைக்கு உணவுப் பழக்கம் காரணமல்ல. ஆனால், நடுத்தர வயதில் எட்டிப் பார்க்கும் இரண்டாம் வகையைப் பலரால் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ முடியும். அதற்கு வழி, தட்டும் கால்களும்தான்.

எடைக்கும் இங்கே கணக்கு இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் செஸ்னா 152 விமானத்தின் மொத்த எடை 1,670 பவுண்டு, அதாவது சுமார் 757 கிலோவைத் தாண்டக் கூடாது. கனமான இருவர் ஏறினால் டேங்கை முழுதாக நிரப்ப முடியாது. தொப்பை கூடினால் பெட்ரோல் குறையும், போகும் தூரமும் குறையும்!

நடந்தே பார்க்கும் திருவிழா

ஆஷ்கோஷில் ஒரு நல்ல விஷயம், நிறைய நடக்க வேண்டும். கூடாரத்திலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து பழைய போர் விமானங்களுக்கு... சாயங்காலத்துக்குள் கிலோமீட்டர் கணக்கில் நடந்துவிடுவார்கள். ஆனால், திருவிழா ஒரு வாரம்தான். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் அரை மணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடந்தாலே கணக்கு சரியாகிவிடும்.

சாப்பாட்டிலும் பெரிய தியாகம் தேவையில்லை. கோலாவுக்குப் பதில் தண்ணீர், சிரப்புக்குப் பதில் முட்டை, பழம் என்று மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஒரு எச்சரிக்கை: சர்க்கரையைக் குறைப்பது வேறு, வெறும் வயிற்றில் பறப்பது வேறு. பசியும் நீர் வற்றுதலும் கவனத்தைக் கெடுக்கும். மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உணவு முறையை மாற்றக் கூடாது.

ஆஷ்கோஷ் விமான நிலையத்துக்கு ஸ்டீவ் விட்மன் என்பவரின் பெயர்தான். சின்ன வயதிலேயே ஒரு கண்ணின் பார்வையைப் பெருமளவு இழந்தவர். 1924-ல் பறக்கக் கற்று, பந்தய விமானியாகப் புகழ்பெற்றார். பல ஆண்டுகள் இந்த நிலையத்தின் மேலாளராகவும் இருந்தார். 1995-ல் தன் மனைவியோடு பறந்தபோது விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 91! இறக்கையைப் போர்த்திய துணி ஒட்டு விட்டுப் பிரிந்ததே விபத்துக்குக் காரணம்.

விமானம், ஓட்டுபவரின் உடம்பு... இரண்டில் எதைக் கவனிக்காமல் விட்டாலும் வானம் மன்னிக்காது. விமானத்தைப் பார்க்க மெக்கானிக் இருக்கிறார். உடம்பைத் தினமும் பார்க்க வேண்டியவர், காலையில் பான்கேக் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான்.